‘ரிஃப்ளெக்டிவ் பிராக்டிஸ்’: மீள்நோக்கா, ஓர்வா?

மடல் 1

அன்புள்ள குழுவினருக்கு,

நூலகப் பணியாளர் கையேட்டுக்குத் தமிழ்ச்சொல் தேடும்போது ‘சி.பி.டி.’ (கன்டினியூயிங் புரொஃபஷனல் டெவலப்மென்ட்) பெரிய சிக்கல் தரவில்லை. தமிழ்நாட்டில் ‘தொடர் பணித்திறன் மேம்பாடு’, இலங்கையில் ‘தொடர் வாண்மை விருத்தி’ என்றால் விளங்கிவிடும். மல்லுக்கட்ட வைப்பது ‘ரிஃப்ளெக்டிவ் பிராக்டிஸ்’தான். பலர் ‘பிரதிபலிப்பு’ என்று எழுதிவிடுகிறார்கள். கண்ணாடி பிரதிபலிக்கும், ஆனால் யோசிக்காது. அமெரிக்கச் சிந்தனையாளர் டொனால்ட் ஷோன் 1983-இல் விரித்துச் சொன்னது, தொழில் செய்பவர் தம் வேலையைத் தாமே ஆராய்ந்து கற்பதைப் பற்றி.

பிரிட்டனின் நூலகர் அமைப்பான சிலிப், தொழில் தகுதியைப் புதுப்பிக்க ஆண்டுக்கு 20 மணி நேர மேம்பாட்டுப் பணிகளையும், அவற்றால் என்ன மாறியது என்று 250 சொல்லில் ஓர் அறிக்கையையும் கேட்கிறது. அந்த அறிக்கைக்கும் பெயர் வேண்டும். ‘மீள்நோக்கு’, ‘மீள்நோக்கு அறிக்கை’ என்று வைக்கலாமா?

மடல் 2

வணக்கம் ஐயா,

‘மீள்நோக்கு’ பாதிக்குத்தான் பொருந்தும். ஷோன் இதை இரண்டாகப் பிரித்தார்: வேலை நடக்கும்போதே சிந்திப்பது, முடிந்தபின் சிந்திப்பது. நூலகத்தில் வாசகர் கேள்விகளுக்கு உதவும் உசாத்துணை மேசைக்கு வந்தவர் “மருத்துவப் புத்தகம் எங்கே?” என்கிறார். இரண்டு கேள்வி கேட்டதும், அவருக்கு வேண்டியது நீரிழிவுக்காரர் உணவுப் பட்டியல் என்று நூலகருக்குப் புலப்படுகிறது. உடனே கேள்வியின் போக்கை மாற்றுகிறார். இங்கே ‘மீள’ எதுவும் இல்லை. அலுவலகங்களில் மீளாய்வு, மீள்பார்வை ஏற்கெனவே புழங்குவதால் குழப்பமும் கூடும்.

‘ஓர்தல்’ என்றால் ஆராய்ந்து உணர்தல். ‘ஓர்ந்துகண் ணோடாது’ என்று குறளில் (541) இருக்கிறது. ஒரு பக்கம் சாயாமல் ஆராய்வது என்ற அந்தப் பொருள், தன் வேலையைத் தானே எடைபோடுபவருக்கு மிகவும் தேவை. ‘பணியோர்வு’ என்று முன்மொழிகிறேன்.

மடல் 3

இருவருக்கும் வணக்கம்.

ஓர்வு சரி, பணியோர்வு வேண்டாம். சேர்த்து எழுதினால் கண் ‘பணியோர்’ என்று படித்து, பணியாளர்கள் என்று நினைத்துவிடும். பிரித்து எழுதினால் இன்னும் மோசம்: ‘பணி ஓர்வு’ ஓரெழுத்துப் பிழையில் ‘பணி ஓய்வு’ ஆகிவிடும். மேம்பாட்டுப் படிவத்தில் அப்படி அச்சாவதை எவரும் விரும்பமாட்டார். ‘செயலோர்வு’ என்றால் இந்த ஆபத்து இல்லை. கிளைச்சொற்களும் எளிதாக வரும்: செயலிடை ஓர்வு, செயற்பின் ஓர்வு, ஓர்வுக் குறிப்பேடு, ஓர்வு அறிக்கை.

‘சுயபரிசோதனை’யை இங்கே யாரும் சொல்லவில்லை, நல்லது. அந்தச் சொல்லைப் படிவத்தில் பார்த்தால் பணியாளர் குற்ற ஒப்புதல் எழுதத் தொடங்குவார், அல்லது எதையும் எழுதாமல் கலந்துகொண்ட பயிலரங்குகளை வரிசையாக அடுக்குவார். இரண்டும் ஓர்வு ஆகாது. பயிலரங்குப் பட்டியலால் 20 மணி நேரக் கணக்கு நிரம்பும், ஆனால் வேலையில் என்ன மாறியது என்பது தெரியாது.

சொல்லோடு மாதிரிக் குறிப்பும் அச்சிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அமெரிக்கக் கல்வியாளர் டெர்ரி போர்ட்டன் 1970-இல் தந்த மூன்று கேள்விகள் போதும்:

என்ன நடந்தது? தமிழில் தட்டச்சிட்டுத் தேடிய வாசகருக்கு நூல் அகப்படவில்லை. நூலோ அலமாரியில் இருந்தது.

அதனால் என்ன? மார்க் பதிவில் (நூலகப் பட்டியலின் கணினிப் பதிவில்) தலைப்பு ரோமன் எழுத்தில் மட்டும் இருக்கிறது. மூல எழுத்துக்குரிய 880 களம் வெறுமை. ரோமனில் தேடினாலும் ‘ழ’வை ஆளுக்கொரு விதமாக எழுதுவதால் பொருந்துவதில்லை. பிழை வாசகரிடம் இல்லை, பதிவில்.

இனி என்ன? தமிழ் நூல் பதிவுகளில் 880 களத்தை நிரப்பி, தலைப்புக்குரிய 245 களத்துடன் இணைப்பு எண் கொடுத்து, தமிழில் தேடிச் சரிபார்ப்பது.

மூன்றாவது கேள்விக்கு ‘இன்னும் கவனமாக இருப்பேன்’ என்று எழுதுவதை ஏற்கக் கூடாது. யார், எதை, எப்போதைக்குள் என்று இருந்தால்தான் அடுத்த ஆண்டு அறிக்கையில் அதைச் சரிபார்க்க முடியும்.

அடுத்து, ஓர்வுக்குக் கல்வியாளர் கிரகாம் கிப்ஸ் தந்த ஆறு கட்டச் சுழற்சி (1988). அதில் மூன்றாவதும் நான்காவதும் தமிழில் ஒன்றாகக் குழம்பக்கூடும். எது நன்றாகப் போனது, எது போகவில்லை என்பதற்கு ‘மதிப்பிடல்’. ஏன் அப்படி என்பதற்கு ‘காரணம் காணல்’. ‘பகுப்பாய்வு’ என்று போட்டால் பலர் மூன்றாவதையே திரும்ப எழுதுவார்கள். மாற்றுச் சொல் இருந்தால் எழுதுங்கள்.