மரக்கூரைப் படகில் விறகடுப்புப் புகைபோக்கி: துளையைப் பாதுகாப்பாக அமைப்பது எப்படி?

கேள்வி (லெனேசியா)

தென்னாப்பிரிக்காவின் வால் (Vaal) அணைக்கட்டில் நிறுத்தியிருக்கும் எங்கள் வீட்டுப்படகில், ஜூன், ஜூலை மாதத்து உறைபனி இரவுகளுக்காக ஒரு சிறிய வார்ப்பிரும்பு விறகடுப்பைப் பொருத்த விரும்புகிறேன். கூரை 18 மி.மீ. பிளைவுட், அதன்மேல் ஃபைபர்கிளாஸ் பூசப்பட்டிருக்கிறது. புகைக்குழாய் 100 மி.மீ. விட்டமுள்ள ஒற்றைத் தகட்டுக் குழாய். 110 மி.மீ. துளையிட்டுக் குழாயை நுழைத்து, இடைவெளியை வெப்பம் தாங்கும் சிலிக்கானால் அடைத்தால் போதும் என்று அடுப்பை விற்றவர் சொன்னார். பிள்ளைகளும் படகில் உறங்குவார்கள் என்பதால், கூரையை வெட்டுவதற்கு முன் விவரம் அறிந்தவர்களிடம் கேட்கிறேன்.

பதில் (சாட்ஸ்வர்த்)

தம்பி, தயவுசெய்து அந்தத் துளையை இடாதீர்கள். விறகு வேகமாக எரியும்போது ஒற்றைத் தகட்டுக் குழாயின் வெளிப்புறமே 300 பாகை செல்சியசைத் தாண்டக்கூடும். புகையிலிருந்து உள்ளே படிந்த தார் பற்றிக்கொண்டால் குழாய்க்குள் 1,000 பாகைக்கும் மேலே போகும். கடைகளில் கிடைக்கும் சிவப்புச் சிலிக்கான் ஏறக்குறைய 300 பாகை வரைதான் தாங்கும். அதைவிட எனக்குக் கவலை தருவது மரம்தான்: குழாயிலிருந்து 5 மி.மீ. தள்ளி, ஒவ்வொரு குளிர்காலமும் சூடேறிக்கொண்டே இருக்கும் பிளைவுட் மெல்லக் கரிந்து, புதிய பலகை தீப்பிடிக்கும் வெப்பநிலைக்கு வெகு கீழேயே பற்றிக்கொள்ளும் நிலைக்கு வந்துவிடும். அது நடப்பது வெளியே தெரியாது.

ஒற்றைத் தகட்டுக் குழாய்க்கும் எரியக்கூடிய பொருளுக்கும் இடையே குழாய் விட்டத்தின் மும்மடங்கு தூரம் வேண்டும் என்பது பிரித்தானியக் கட்டட வழிகாட்டு நெறி. உங்களுக்கு அது 300 மி.மீ.; அப்படியானால் துளை 700 மி.மீ. அகலமாக வேண்டும். அது நடக்காத காரியம். ஆகவே கூரையைக் கடக்கும் பகுதி, நடுவில் வெப்பக்காப்பு நிரப்பிய இரட்டைத் தகட்டுக் குழாயாகவே இருக்க வேண்டும். அதற்கும் மரத்துக்கும் இடையே தயாரிப்பாளர் குறிப்பிடும் இடைவெளியைக் குறைக்காமல் விடுங்கள்.

கேள்வி (லெனேசியா)

நன்றி ஐயா. இடைவெளியைத் திறந்துவிட்டால், கோடைகால இடிமழையில் தண்ணீர் உள்ளே இறங்காதா?

பதில் (சாட்ஸ்வர்த்)

மழையைத் தடுப்பதையும் வெப்பத்தைத் தடுப்பதையும் ஒரே அடைப்பிடம் ஒப்படைக்கக் கூடாது. துளையைச் சுற்றி, நிமிர்ந்த விளிம்புள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வளையம் ஒன்றைக் கூரையோடு போல்ட் போட்டு இறுக்கி, அதன் அடித்தட்டுக்கும் கூரைக்கும் இடையே மட்டும் சிலிக்கான் இடுங்கள். குழாய் அந்த வளையத்தைத் தொடாமல் நடுவே மேலேற வேண்டும். அதற்குமேல், குழாயையே இறுகப் பிடித்திருக்கும் ஒரு தகட்டுப் பாவாடை வளையத்தின் விளிம்பை மூடித் தாழ்ந்திருந்தால், மழை வெளியே வழிந்துவிடும், சூட்டில் நீளும் குழாயும் தடையின்றி அசையும். குழாயையும் கூரையையும் சேர்த்து ஒட்டிய அடைப்பு, படகின் குலுக்கலிலும் குழாயின் நீட்சியிலும் விரைவில் கிழிந்துவிடும்.

குழாய்த் துண்டுகளை இணைக்கும்போது, மேல்துண்டின் முனை கீழ்த்துண்டுக்குள் இறங்க வேண்டும். அப்போதுதான் ஒழுகும் தார் அடுப்புக்குள் திரும்பும். மாற்றிப் போட்டால் குழாயின் வெளிப்புறத்தில் வழிந்து நாறும். மற்றப் படகுகள் எழுப்பும் அலையில் நகராதபடி அடுப்பையும் தரையோடு போல்ட் போடுங்கள்.

பதில் (ரைலண்ட்ஸ், கேப் டவுன்)

பிள்ளைகள் உறங்குவார்கள் என்று நீங்கள் எழுதியிருப்பதால் ஒன்றை வற்புறுத்துகிறேன். படகின் புகைபோக்கி உயரம் குறைந்தது என்பதால் புகையை மேலே இழுக்கும் இழுப்பும் குறைவு; காற்று எதிர்த்து அடித்தால் புகை திரும்பும், அதோடு நிறமும் மணமும் இல்லாத, உயிரைப் பறிக்கும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடும் திரும்பும். மூட முடியாத காற்றுத் துவாரங்கள் இருக்கட்டும். குளிர்கிறது என்று துணி வைத்து அடைக்காதீர்கள். படகுகளுக்கும் கேரவன்களுக்கும் உரிய இ.என். 50291-2 என்ற ஐரோப்பியத் தரத்தில் தயாரான கார்பன் மோனாக்சைடு அலாரத்தை உறங்கும் இடத்தில் மாட்டுங்கள். புகை அலாரம் அதற்கு ஈடாகாது. வாட்டில் (வேல் இன மரம்) விறகை நன்றாக உலர்த்தியே எரியுங்கள், ஈர விறகுதான் குழாயில் தாரைச் சேர்க்கிறது.

பதில் (சாட்ஸ்வர்த்)

அக்கா சொன்னது மிகவும் சரி. தம்பி, படகைக் கரையோரம் கட்டிய நிலையில், பகலில், சிறு தீயில் தொடங்கி அடுப்பைச் சோதியுங்கள். துளையை ஒட்டிய கூரைப் பலகையில் உள்ளங்கையை வைத்திருக்க முடியாத அளவுக்குச் சூடேறினால், தீயை அணைத்துவிட்டு இடைவெளியைப் பெரிதாக்கிய பிறகே மறுபடி மூட்டுங்கள்.