கிரையோஜெனிக்னா எவ்ளோ குளிர்? யாரு வச்ச பேரு?

வேளச்சேரி_வாசி:
ஸ்ரீஹரிகோட்டால லாஞ்ச் வந்தாலே நியூஸ்ல கிரையோஜெனிக் கிரையோஜெனிக்னு சொல்றாங்க. பொண்ணு ப்ளஸ் ஒன், அப்பா அப்படின்னா என்னன்னு கேட்டா, ரொம்ப சில்லுனு இருக்கிற திரவம்மான்னேன், அப்போ ஃப்ரிட்ஜ் தண்ணியுமான்னு மடக்கிட்டா. தெரிஞ்சவங்க சொல்லுங்கப்பா.

பெரம்பூர்_பிசிக்ஸ்:
சரியான கேள்விதான் சார். மைனஸ் 150 டிகிரிக்கு கீழ போனாத்தான் அந்தப் பேரு, சிலர் 120 கெல்வின்னு, அதாவது மைனஸ் 153 டிகிரி கிட்ட கோடு போடுவாங்க. ஏன் அங்கன்னா, ஆக்சிஜன் மைனஸ் 183, நைட்ரஜன் மைனஸ் 196, ஹைட்ரஜன் மைனஸ் 253, ஹீலியம் மைனஸ் 269, இதெல்லாம் கொதிக்கிறதே அதுக்கு கீழதான், சும்மா அமுக்கினா மட்டும் திரவமாகாது, குளிர வச்சே ஆகணும். ஏசி கேஸ், வீட்டு சிலிண்டர் கேஸ்லாம் இந்தக் கணக்குல வராது, அது அமுக்கினாலே திரவம்.

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்:
நம்ம ஏரியாலயே இருக்கே! காமராஜர் துறைமுகத்துல 2019ல ஆரம்பிச்ச எல்என்ஜி, அதாவது திரவமாக்கின இயற்கை எரிவாயு டெர்மினல், அங்க டேங்க்ல இருக்கிறது மைனஸ் 162 கிட்ட. திரவமாக்கினா கேஸோட வால்யூம் 600ல ஒரு பங்காயிடும், அதுக்குத்தான் இவ்ளோ பாடு.

பெரம்பூர்_பிசிக்ஸ்:
பேரு கதைய விட்டுட்டேன். கிரேக்கத்துல கிரையோஸ்னா உறையிற குளிர், ஜென்னா உண்டாக்குறது. 1875ல ஃப்ரெடரிக் கத்ரின்னு ஒரு இங்கிலாந்து விஞ்ஞானி கிரையோஜென்னு சொன்னது ராக்கெட் சமாச்சாரமே இல்ல, ஐஸோட உப்பு கலந்த குளிர் கலவைய! ராத்திரி மணி அடிச்சிட்டு வர்ற குல்ஃபிக்காரர் பானைல ஐஸும் கல்லுப்பும் போடுவார்ல, அதேதான், மைனஸ் 21 வரைக்கும் இறங்கும். அப்புறம் 1877ல ஆக்சிஜன திரவமாக்கினாங்க, நெதர்லாந்து லைடன்ல காமர்லிங் ஆன்னஸ்னு ஒரு விஞ்ஞானி 1908 ஜூலை 10 அன்னிக்கு ஹீலியத்தையும் திரவமாக்கிட்டாரு, பேரும் அந்தப் பக்கம் போயிடுச்சு. இப்போ குல்ஃபி பானைய கிரையோஜெனிக்னு சொன்னா லேப்ல சிரிப்பாங்க, நியாயமா பாத்தா மூத்த பிள்ளை அதுதான்.

வேளச்சேரி_வாசி:
சூப்பர் சார். அப்போ ராக்கெட் முழுக்க இந்த எரிபொருள்தானா?

எண்ணூர்_எக்ஸ்பிரஸ்:
இல்லண்ணே, இஸ்ரோவோட எல்விஎம்3 ராக்கெட்ல மேல் ஸ்டேஜ் மட்டும்தான் கிரையோ, திரவ ஹைட்ரஜனும் திரவ ஆக்சிஜனும். நடுவுல விகாஸ் இன்ஜினும் திரவ எரிபொருள்தான், ஆனா அது சாதாரண டெம்பரேச்சர்லயே நிக்கும். சொந்த கிரையோ இன்ஜினோட இஸ்ரோ ஜெயிச்சது 2014 ஜனவரி 5, ஜிஎஸ்எல்வி டி5 ராக்கெட்ல.