ஆசிரியர் குழுக்களில் உண்மையிலேயே எதையாவது கற்றுக்கொண்டீர்களா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

கணக்கு டீச்சர், கிருஷ்ணகிரி மாவட்டம்:

நானே தொடங்குகிறேன். எங்கள் உயர்நிலைப் பள்ளியில் கணக்குக்கு நான் ஒருத்திதான். பாடத்தில் ஒரு சந்தேகம் என்றால் பக்கத்து நாற்காலிப் பக்கம் திரும்பிக் கேட்க ஆள் கிடையாது. பயிற்சி வகுப்பு, விடைத்தாள் திருத்தும் முகாம் என்று எப்போதாவது மற்ற கணக்கு ஆசிரியர்களைப் பார்ப்பதோடு சரி. அதனால் வாட்ஸப் குழுக்கள் பெருகியபோது ஆசையாக எல்லாவற்றிலும் சேர்ந்தேன். அரசாணை, கலந்தாய்வுத் தேதி, மாதிரி வினாத்தாள் எல்லாம் வந்தன. தேவையானவைதான். ஆனால் வகுப்பறையில் நான் நிற்கும் விதத்தை அவை எதுவும் மாற்றவில்லை.

மாற்றியது ஒரு சின்னக் குழு. கொரோனாவில் பள்ளிகள் மூடியிருந்த காலத்தில், ஒரு பயிற்சியில் அறிமுகமான சில கணக்கு ஆசிரியர்கள் சேர்ந்து தொடங்கியது. பள்ளி திறந்த பிறகு நான் அதில் ஒரு படம் போட்டேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் நோட்டுப் பக்கம், பெயரை மறைத்து. இரண்டு உறுப்புகளைக் கூட்டி வர்க்கம் எடுக்கச் சொன்னால், தனித்தனியாக வர்க்கம் எடுத்துக் கூட்டியிருந்தாள். கணக்கு எடுக்கும் யாரும் வாரம் தவறாமல் பார்க்கும் பிழை. சூத்திரத்தைப் பத்து முறை எழுது என்பதுதான் இதற்கு வழக்கமான மருந்து. நான் ‘இதற்கு ஒர்க்‌ஷீட் இருந்தால் அனுப்புங்கள்’ என்று கேட்கவில்லை. ‘இந்தப் பிள்ளை ஏன் இப்படி நினைக்கிறாள்?’ என்று கேட்டேன்.

அன்று இரவு வந்த பதில்களை இன்னும் சேமித்து வைத்திருக்கிறேன். திருநெல்வேலிப் பக்கம் ஒரு சார் எழுதியது இது: “இரண்டால் பெருக்கும்போது அடைப்புக்குள் இருக்கும் ஒவ்வொன்றையும் பெருக்கச் சொல்கிறோம். இரண்டு எண்களின் பெருக்கலை வர்க்கம் எடுக்கும்போதும் ஒவ்வொன்றையும் தனித்தனியாக எடுக்கலாம் என்கிறோம். இரண்டும் சரி. அந்தப் பிள்ளை அதே விதியைத்தான் இங்கேயும் கொண்டுவருகிறாள். அவள் யோசித்திருக்கிறாள் டீச்சர். முதலில் அதைச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள்.”

இந்தக் கோணத்தை எந்தப் பயிற்சியிலும் எனக்கு யாரும் சொன்னதில்லை.

இன்னொரு மேடம் எண்களில் தொடங்கச் சொன்னார். 3-ஐயும் 4-ஐயும் கூட்டி வர்க்கம் எடுத்தால் 49. தனித்தனியாக எடுத்துக் கூட்டினால் 9-உம் 16-உம் சேர்ந்து 25. மீதி 24 எங்கே போனது? கட்டம் போட்ட தாளில் பக்கம் 7 உள்ள சதுரம் வரையச் சொல்லுங்கள், பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள் என்றார். அப்படியே செய்தேன். சதுரத்துக்குள் 9 கட்டச் சதுரம் ஒரு மூலையில், 16 கட்டச் சதுரம் எதிர் மூலையில், மிச்சமாக 12 கட்டங்கள் கொண்ட இரண்டு செவ்வகங்கள். ‘டீச்சர், இது ரெண்டையும் விட்டுட்டோம்!’ என்று பின்வரிசையிலிருந்து சத்தம் வந்தது. அந்த நோட்டுக்குச் சொந்தக்காரிதான்.

அப்புறம் ஒருவர் இதையே ஜியோஜீப்ரா என்ற கணக்கு மென்பொருளில் செய்து அனுப்பினார். பக்க அளவை இழுத்தால் சதுரங்களும் செவ்வகங்களும் கூடவே மாறும். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் என்பவர் தன் முதுகலை ஆய்வுக்காக 2001-இல் தொடங்கிய இலவச மென்பொருள் அது. 2018-இல் தொடங்கி வந்த நம் புதிய கணக்குப் புத்தகங்களில் ‘இணையச் செயல்பாடு’ என்ற பெட்டியில் க்யூஆர் கோடோடு இருக்கிறதே, அதில் பலவும் ஜியோஜீப்ராதான். பலர் அந்தப் பெட்டியைத் தாண்டிப் போய்விடுகிறோம். ஒருவர் செய்து காட்டினால்தான் கை போகிறது.

எங்கள் குழுவில் ஒரே ஒரு கட்டாயம் உண்டு. யோசனை வாங்கியவர் வகுப்பில் செய்து பார்த்துவிட்டு, என்ன நடந்தது என்று திரும்பி வந்து எழுத வேண்டும். சரியாக வரவில்லை என்றாலும் எழுத வேண்டும். இந்தப் பழக்கம் இல்லாத குழுக்களில் பொருள் கைமாறுகிறது, அறிவு கைமாறுவதில்லை என்பது என் கருத்து.

அறிவியல் ஆசிரியர், மலைப்பகுதி நடுநிலைப் பள்ளி:

டீச்சர் எழுதியதைப் படித்ததும் எங்கள் பக்கத்துக் கதையும் சொல்லத் தோன்றியது. எங்கள் ஊரில் சிக்னல் கிடைக்க பள்ளிக்கு மேலே உள்ள பாறை வரை ஏற வேண்டும். வீடியோ இறங்காது. அதனால் ‘ஒரு படம், ஒரு நிமிடக் குரல் பதிவு, அது போதும்’ என்று நான் இருக்கும் ஆசிரியர் குழுவில் கேட்டேன். அதற்குப் பிறகு மலைப்பள்ளிகளில் இருக்கும் பலருக்கும் அதுவே வசதியாகிவிட்டது.

அப்படி வந்ததில் ஒன்று, சைக்கிள் வால்வ் டியூபையும் தீக்குச்சிகளையும் இணைத்து வடிவங்கள் செய்வது. முக்கோணம் அசையாமல் நிற்கும், நாற்கரம் சாயும். பாலங்களிலும் கூரைத் தாங்கிகளிலும் ஏன் முக்கோணமாக வருகிறது என்பதைப் பிள்ளைகள் கையாலேயே தெரிந்துகொண்டார்கள். இது, எளிய பொருள்களில் அறிவியல் பொம்மைகள் செய்து காட்டும் அரவிந்த் குப்தாவுடையது. அவருடைய இணையதளத்தில் தமிழ்ப் புத்தகங்களும் இலவசமாகக் கிடைக்கின்றன, பார்க்காதவர்கள் பாருங்கள்.

குழுவில் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தில் நெடுநாள் வேலை செய்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். இப்படிக் கையால் செய்து கற்பதன் வேர் மத்தியப் பிரதேசத்தில் 1972-இல் தொடங்கிய ஹோசங்காபாத் அறிவியல் திட்டத்தில் இருக்கிறது என்று அவர்தான் சொன்னார். கிராமப் பள்ளி ஆசிரியர்கள் மாதம் ஒருமுறை கூடி, வகுப்பில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று பேசுவார்களாம். பிள்ளைகள் தங்கள் கேள்விகளைச் சவாலிராம் என்ற கற்பனை மனிதருக்குத் தபாலில் எழுதிப் போட, பதில் வருமாம். போனும் இணையமும் இல்லாத காலத்திலேயே இதைச் செய்திருக்கிறார்கள். அதைக் கேட்டதிலிருந்து எங்கள் பிள்ளைகளின் கேள்விகளையும் மாதம் ஒருமுறை குழுவில் போடுகிறேன். ‘மின்மினி சுடுமா?’ என்று ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒரு கேள்வி. விலங்கியல் படித்த ஒரு மேடம் அதற்கு அவ்வளவு அழகாகக் குரல் பதிவு அனுப்பினார். அந்த ஒளியில் வெப்பம் ஏறக்குறைய இல்லை என்றும், வயிற்றுப் பகுதியில் நடக்கும் வேதிவினைதான் வெளிச்சம் தருகிறது என்றும்.

கணினிப் பயிற்றுநர், விருதுநகர்:

சுருக்கமாக ஒன்று. பகிரும்போது திருத்த முடிகிற கோப்பாக, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறையில் பகிருங்கள். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த வினாத்தாள் மற்றவர் கணினியில் திறந்தால் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் தெரிகிறது. தமிழக அரசு 2010-லேயே யூனிகோடை அதிகாரபூர்வ முறையாக அறிவித்துவிட்டது. பழைய கோப்புகளை மாற்ற என்ஹெச்எம் கன்வர்ட்டர் இலவசமாக இருக்கிறது. பிடிஎஃப் மட்டும் அனுப்பினால் அடுத்தவர் தன் வகுப்புக்கு ஏற்ப ஒரு கேள்வியைக்கூட மாற்ற முடியாது.

ஆங்கில ஆசிரியை, நாகை:

நான் ஒரு பெரிய குழுவிலிருந்து விலகிய அனுபவம் சொல்கிறேன். இலக்கணம் சம்பந்தமாக ஒரு கேள்வி கேட்டேன். பதில் குழுவில் வரவில்லை. தெரியாத எண்களிலிருந்து தனியாக ‘வணக்கம் மேடம், எந்த ஊர்?’ என்றுதான் வந்தது. பெண் ஆசிரியைகள் பலர் வாயே திறக்காமல் வெறுமனே படித்துக்கொண்டிருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம். அதை யாரும் பேசுவதில்லை. இப்போது நான் இருக்கும் குழு டெலிகிராமில் இயங்குகிறது. போன் எண்ணை மறைத்துக்கொள்ளலாம். நடத்துவது இரண்டு ஆசிரியைகள். தனிச் செய்தி அனுப்புவதாக ஒரு புகார் வந்தால் போதும், உடனே நீக்கிவிடுவார்கள். கேள்விகள் அங்கே தாராளமாக வருகின்றன.

கணக்கு டீச்சர், கிருஷ்ணகிரி மாவட்டம்:

நாகை மேடத்துக்கு நன்றி. எங்கள் குழுவிலும் எண் மறைக்கும் வசதிக்கு மாறுவது பற்றி இன்றே கேட்கிறேன். புதிதாகத் தொடங்குவது எப்படி என்று சிலர் கேட்டிருந்தீர்கள். ஒரே பாடம் எடுக்கும் நாலைந்து பேர் போதும். நோட்டுப் பக்கத்தைப் படம் எடுக்கும்போது பிள்ளையின் பெயரும் முகமும் வரவே கூடாது. வடிவொத்த முக்கோணங்களில் உங்கள் பிள்ளைகள் செய்யும் பிழைகள் இருந்தால் இங்கேயே போடுங்கள், அடுத்து அதைத்தான் எடுக்கப்போகிறோம்.