'புஷ் பேலட்' – தமிழில் என்ன சொல்லலாம்?

சென்னையிலிருந்து

அனைவருக்கும் வணக்கம்.

ஆஸ்திரேலிய இலக்கியம் பற்றித் தமிழில் எழுதும்போது 'புஷ் பேலட்' (புஷ் வாழ்க்கையைக் கதையாகச் சொல்லும் கவிதை), 'புஷ் சாங்' (அதைப் பாடும் பாட்டு) இரண்டுக்கும் நம் சொற்பட்டியலில் சொல் வேண்டும். அகராதியைப் பார்த்துப் 'புதர்ப் பாடல்' என்று போட்டால் பிழை. அங்கே 'புஷ்' என்பது செடி கொடி அல்ல. நகரத்துக்கு வெளியே கிடக்கும் நிலம் முழுவதும் புஷ்தான்: யூகலிப்டஸ் காடு, ஆட்டு மந்தை மேயும் புல்தரை, காய்ந்த சமவெளி, நடுவே ஒரு சிற்றூர், அதன் மதுக்கடை எல்லாம் அதற்குள் அடக்கம். 'புஷ்' என்றே எழுதலாம் என்றால், வாசிப்பவருக்கு முதலில் நினைவுக்கு வருவது அமெரிக்க அதிபரின் பெயர்.

என் சாய்வு 'முல்லைப் பாட்டு'. காடும் காடு சார்ந்த இடமும், மேய்ச்சல் தொழில், மழை பொய்த்தால் பாலையாகத் திரிவது என எல்லாம் பொருந்துகின்றன. 'கானகப் பாட்டு', 'காட்டுக் கதைப்பாடல்' என்பனவும் என் பட்டியலில் உள்ளன. கருத்துச் சொல்லுங்கள்.

நாகர்கோவிலிலிருந்து

ஐயா, முல்லைப்பாட்டு என்ற பெயரைப் பத்துப்பாட்டில் நப்பூதனார் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார். தேடுபொறியில் இரண்டும் கலந்துவிடும். அதைவிடப் பெரிய தடை இலக்கணத்தில் இருக்கிறது. முல்லை அகத்திணை. அகத்தில் ஒருவர் பெயரைச் சுட்டிச் சொல்லக்கூடாது என்பது தொல்காப்பிய விதி. புஷ் பேலட்டோ பெயரில்தான் நிற்கிறது. ஆஸ்திரேலியக் கவிஞர் பாட்டர்சன் 1889இல் எழுதியதில் கிளான்சி என்ற மாடோட்டியின் பெயரை எடுத்துவிட்டால் கவிதையே இல்லை.

இன்னொன்று, முல்லையும் கானகமும் அழகைச் சுமந்து வரும் சொற்கள். 1892இல் சிட்னியின் 'புல்லட்டின்' இதழில் ஹென்றி லாசனும் பாஞ்ஜோ பாட்டர்சனும் கவிதையிலேயே மோதிக்கொண்டார்கள். லாசனுக்குப் புஷ் என்றால் வறட்சி, ஈ, தனிமை, வேலையில்லாமல் நடக்கும் நடை. பாட்டர்சனுக்கு அது திறந்த வானமும் குதிரைச் சவாரியும். இருவரும் சொன்னது ஒரே சொல். நாம் ஆக்கும் சொல்லும் இருவர் வாயிலும் பொருந்தவேண்டும். 'கானகப் பாட்டு' லாசன் வாயில் பொருந்தாது.

'கதைப்பாடல்' என்பதிலும் கவனம் தேவை. நாட்டாரியலில் அது முத்துப்பட்டன் கதை போல வில்லிசையில் மணிக்கணக்கில் நிகழ்த்தப்படுவது. புஷ் பேலட் அச்சில் பிறந்தது. வாரப் பத்திரிகையில் ஒரு பக்கத்துக்குள் முடியும். அதற்கு மெட்டு வேண்டியதில்லை, உரக்கச் சொல்ல ஏற்ற ஓட்டமும் இயைபும் போதும். ஆட்டுமயிர் கத்தரிக்கும் கொட்டகைகளில் வாய்வழி வந்த பாட்டுகள் வேறு வகை. அவற்றைப் பாட்டர்சனே திரட்டி 1905இல் தொகுப்பாக்கினார். ஆகவே இரண்டு சொற்கள் தேவை.

கோவையிலிருந்து

'காடு' என்ற சொல்லை அவசரப்பட்டு ஒதுக்கவேண்டாம். கொங்கு நாட்டில் 'காட்டுக்குப் போயிருக்கார்' என்றால் புலி இருக்கும் வனத்துக்கு என்று யாரும் நினைப்பதில்லை. மானாவாரி நிலத்துக்குப் போயிருக்கிறார் என்றுதான் பொருள். சோளக்காடு, மேட்டுக்காடு, மேய்ச்சல் காடு எல்லாமே மனிதர் உழைக்கும் இடங்கள். புஷ்ஷின் பொருட்பரப்புக்கு மிக நெருங்கி வருவது இந்தக் 'காடு'. மற்ற வட்டாரத்தார் 'காடு' என்றதும் வனத்தை நினைப்பார்கள், அது மட்டுமே குறை.

அதனால் 'காட்டுவெளி' என்று பரிந்துரைக்கிறேன். காணி நிலம் கேட்கும் பாட்டில் பாரதி 'காட்டு வெளியினிலே' என்கிறான். அங்கே மாளிகை இருக்கிறது, கிணறு இருக்கிறது, தென்னை இருக்கிறது, மனைவி இருக்கிறாள். ஆளில்லாத வனம் அல்ல அது.

'காட்டான்', 'காட்டுவாசி' இரண்டும் வேண்டவே வேண்டாம். முன்னது வசை. பின்னது பழங்குடியினரைக் குறிப்பதாகிவிடும். பாடல்களில் வரும் 'புஷ்மேன்' பெரும்பாலும் குடியேறிய வெள்ளைத் தொழிலாளி.

மெல்பர்னிலிருந்து

காட்டுவெளி நல்ல சொல். ஆனால் 'வெளி' என்னை உறுத்துகிறது. இந்த நிலம் யாருக்கும் சொந்தமில்லாத வெற்றிடம் என்ற கற்பனையை வைத்துத்தான் பிரித்தானியர் இதை எடுத்துக்கொண்டனர். அந்தக் கோட்பாட்டை ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம், நில உரிமை கேட்டுத் தொடுக்கப்பட்ட மாபோ வழக்கில் நிராகரிக்க 1992 ஆனது. தொல்குடியினர் தம் நிலத்தைப் புஷ் என்பதைவிட 'நாடு' என்று சொல்வதே வழக்கம். மண், நீர், முன்னோர், சட்டம் எல்லாம் சேர்ந்தது அந்த நாடு. தொல்குடிக் கவிஞர் ஊட்ஜெரூ நூனக்கல்லின் கவிதைகளைக் காட்டுவெளிக் கவிதை என்று வகைப்படுத்தினால் அநியாயம்.

தேசிய அடையாளம் பற்றிய கட்டுரைக்கு இந்தச் சொல் போகிறது என்றால் ஒரு முரணையும் விளக்கத்தில் சேர்க்கவேண்டும். 1901இல் ஆறு குடியேற்றங்கள் ஒரே நாடாக இணைவதற்கு முந்திய பத்தாண்டில்தான் இந்தக் கவிதைகள் பெருகின. இங்கிலாந்தில் இல்லாதது எங்களிடம் என்ன இருக்கிறது என்ற கேள்விக்குப் புஷ் விடையாயிற்று. எழுதியவரும் வாசித்தவரும் பெரும்பாலும் நகரத்தார். பாட்டர்சன் சிட்னியில் வழக்கறிஞர். கிளான்சியைப் பற்றி ஏங்குகிறவனும் தூசி படிந்த நகர அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவன்தான். இது மண்ணின் குரல் மட்டுமல்ல, நகரம் மண்ணைப் பார்த்த பார்வையும்கூட.

துணைச்சொற்களில்தான் மொழிபெயர்ப்பு அதிகம் சறுக்கும். 1895இல் குயின்ஸ்லாந்தின் விண்டன் ஊருக்கு அருகே பாட்டர்சன் எழுதிய 'வால்ட்ஸிங் மடில்டா'வை எடுங்கள். மடில்டா பெண்ணல்ல, வால்ட்ஸ் நடனமும் இல்லை. கம்பளியை விரித்து, மாற்றுத்துணியையும் சாமானையும் நடுவில் வைத்து, இறுகச் சுருட்டி வாரால் கட்டித் தோளில் போடும் மூட்டைக்குச் செல்லப்பெயர் மடில்டா. அதைச் சுமந்து வேலை தேடி நடப்பதுதான் 'வால்ட்ஸிங்'. 'சுருள்மூட்டை', 'சுருள்மூட்டைக்காரன்' எனலாம். வெறும் 'மூட்டை தூக்கி' என்றால் சுமைகூலி ஆகிவிடும்.

அவன் தேநீர் கொதிக்கவைக்கும் 'பில்லி' கம்பிப் பிடி வைத்த தகரப் பாத்திரம். நம் தூக்குப்போணிதான் அது, புதுச்சொல் எதற்கு? 'ஸ்டேஷன்' நிலையம் அல்ல, மேய்ச்சல் பண்ணை. 'ஸ்குவாட்டர்' என்பதை 'ஆக்கிரமிப்பாளர்' என்றால் ஏழைக் குடிசைவாசி என்ற எண்ணம் வரும். பாட்டில் அவர் உயர்ந்த குதிரையில் வரும் செல்வர். அரசு நிலத்தில் மந்தையை விட்டு ஆரம்பித்துப் பெருந்தனக்காரரானவர்கள் அவர்கள். 'பண்ணையார்' கச்சிதம். 'பில்லபாங்' ஆறு விட்டுப்போன நீர்த்தேக்கம். பாடநூலில் 'குருட்டு ஆறு' இருக்கிறது, பாட்டில் 'மடு' போதும். சுருள்மூட்டைக்காரன் ஒரு ஆட்டைத் திருடி, பிடிபடாமல் மடுவில் குதித்துச் சாகிறான். இந்தப் பாட்டுக்கு 1977 தேசியப் பாடல் வாக்கெடுப்பில் 28 விழுக்காடு கிடைத்து, இரண்டாம் இடம் வந்தது. பண்ணையாரும் காவலரும் ஒரு பக்கம், ஏழை ஒரு பக்கம் என்ற அந்த அமைப்பு மொழிபெயர்ப்பில் தெரியவேண்டும்.

'மேட்' என்பதற்கு ஈழவழக்கில் 'கூட்டாளி' அருமையாகப் பொருந்தும். தமிழகத்தில் அது குற்றத்துக்கு உடந்தை என்று தொனிப்பதால் 'தோழன்' என்றே வைக்கலாம்.

நாகர்கோவிலிலிருந்து

அம்மா, உங்கள் எச்சரிக்கை சரி. ஆனாலும் தமிழில் 'வெளி' வெற்றிடம் மட்டுமல்ல. வயல்வெளி என்கிறோம், உடையவர் இல்லாத வயல் ஏது? 'காட்டுவெளி'யை ஏற்கிறேன். தொல்குடிப் பாடல் மரபு இதில் அடங்காது என்று சொற்பட்டியல் பதிவிலேயே எழுதிவிடவேண்டும், அதை அடிக்குறிப்பாக ஒதுக்கக்கூடாது. பேலட்டுக்குக் 'கதைப்பா' என்று வைத்தால் வில்லிசைக் கதைப்பாடலோடு குழம்பாது.

சென்னையிலிருந்து

முல்லையைக் கைவிடுகிறேன். பெயர் சுட்டும் விதியை நான் எண்ணிப் பார்க்கவில்லை. பதிவுக்கான வரைவு:

காட்டுவெளி (புஷ்): ஆஸ்திரேலியாவில் நகரங்களுக்கு வெளியே உள்ள காடு, மேய்ச்சல் நிலம், சிற்றூர் ஆகியவற்றின் பொதுப்பெயர். குடியேறியோர் வழக்கு. தொல்குடியினர் தம் நிலத்தைக் குறிக்கும் 'நாடு' வேறு கருத்தாக்கம், அவர்களது பாடல் மரபு இச்சொல்லில் அடங்காது.

காட்டுவெளிக் கதைப்பா (புஷ் பேலட்): காட்டுவெளி மனிதர் ஒருவரின் செயலைச் சொல்லும், உரக்கச் சொல்ல ஏற்ற ஓசையுடைய அச்சுக் கவிதை. 1890களில் நகர இதழ்கள் வழியே பரவியது.

காட்டுவெளிப் பாட்டு (புஷ் சாங்): மெட்டுடன் பாடப்படுவது. பெரும்பாலும் வாய்வழி வந்தது. எழுதியவர் தெரிந்த பாட்டும் இதில் சேரும்.

'புஷ்ரேஞ்சர்' நிலுவையில் இருக்கிறது. 'காட்டுவெளிக் கொள்ளையர்' என்று வைத்தால் நெட் கெல்லியை வீரனாகப் பாடும் பாட்டுகளுக்குப் பொருந்துமா என்று பார்த்துச் சொல்லுங்கள்.