அக்கா கொடுத்த உமிழ்நீரில் என் மரபணுவும் அடக்கமா?

நியூஜெர்சி வாணி கேட்கிறார்:

வணக்கம். பூர்வீகம் அறியும் மரபணுப் பரிசோதனைகளைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் இங்கே சிலர் இருப்பதால் இந்தக் கேள்வியை முன்வைக்கிறேன். கலிபோர்னியாவில் வசிக்கும் என் அக்கா சில ஆண்டுகளுக்கு முன்பு 23அண்ட்மீ என்ற நிறுவனத்தின் பரிசோதனைப் பெட்டி ஒன்றை வாங்கித் தன் உமிழ்நீரை அனுப்பினாள். அடுத்த முறை அம்மா மதுரையிலிருந்து வந்திருந்தபோது, "இந்தக் குழாயில் கொஞ்சம் துப்புங்கள், போதும்" என்று சொல்லி அவரிடமிருந்தும் மாதிரி வாங்கி அனுப்பிவிட்டாள். இரண்டு பேருடைய முடிவுகளும் அவளுடைய கணக்கிலேயே இருக்கின்றன. எதற்காக அது எடுக்கப்பட்டது என்று அம்மாவுக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது.

இப்போது நானும் என் ஒன்பது வயது மகனும் கொடுத்தால் குடும்ப வரைபடம் நிறைவடையும் என்கிறாள். என் கணவர் வேண்டவே வேண்டாம் என்கிறார். அந்த நிறுவனத்தில் தரவுத் திருட்டு நடந்தது, பின்னர் அது திவாலாகிக் கைமாறியது என்பதெல்லாம் செய்தியில் படித்தேன். அம்மாவும் அக்காவும் ஏற்கெனவே கொடுத்துவிட்ட பிறகு நான் மட்டும் ஒதுங்கி நிற்பதில் ஏதாவது பொருள் இருக்கிறதா? அக்கா தன் கணக்கை நீக்கினால் தரவு உண்மையிலேயே அழியுமா? பயமுறுத்தலும் வேண்டாம், சமாதானமும் வேண்டாம். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

செர்வர் சிதம்பரம்:

நான் தகவல் பாதுகாப்புத் துறையில் இருப்பவன் என்பதால் அந்தத் திருட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 2023இல் நடந்ததை "ஹேக்கர்கள் நிறுவனத்தை உடைத்துப் புகுந்தார்கள்" என்று பலர் நினைக்கிறார்கள். பூட்டு எதுவும் உடைபடவில்லை. வேறு தளங்களிலிருந்து முன்பே கசிந்திருந்த மின்னஞ்சல்களையும் கடவுச்சொற்களையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தார்கள். எல்லா இடத்திலும் ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்தவர்களின் கணக்குகள் திறந்துகொண்டன. அப்படி நேரடியாகத் திறக்கப்பட்டவை சுமார் 14,000 கணக்குகள். ஆனால் விவரம் வெளியே போனவர்கள் ஏறத்தாழ 69 லட்சம் பேர்.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது. தளத்தில் மரபணு உறவினர்களைக் காட்டும் வசதி ஒன்று உண்டு. அதை இயக்கி வைத்தவர் ஒவ்வொருவருக்கும் நூற்றுக்கணக்கான தூரத்து உறவினர்களின் பெயர், உறவு முறை, பகிர்ந்துகொள்ளும் டிஎன்ஏவின் விழுக்காடு, சிலருடைய பிறந்த ஆண்டு, ஊர் எல்லாம் தெரியும். ஆகவே, முகம் தெரியாத ஒருவருடைய கடவுச்சொல் பலவீனமாக இருந்ததால், தன் கணக்கைக் கவனமாக வைத்திருந்தவரின் விவரமும் சேர்ந்தே போயிற்று. திருடியவர்கள் அந்தத் தகவலை அஷ்கெனாசி யூதர்கள், சீன வம்சாவளியினர் என்று இனவாரியாகப் பிரித்து விற்பனைக்கு வைத்தார்கள். பல மாதங்கள் நடந்த இந்த முயற்சியை நிறுவனம் அக்டோபரில்தான் வெளியே சொன்னது. இரண்டு கட்டச் சரிபார்ப்பு எல்லோருக்கும் கட்டாயம் என்று ஆனது அதற்கும் பிறகே. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2025 ஜூனில் 23.1 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது. என்னைக் கேட்டால் அது குறைவு.

அக்காவிடம் இன்றிரவே செய்யச் சொல்ல வேண்டியது, அந்த உறவினர் வசதியை அணைப்பது. மற்றவற்றை நிதானமாக யோசிக்கலாம்.

ஆய்வகத் தமிழன்:

மரபியல் ஆய்வகத்தில் பணிபுரிகிறேன். ஒதுங்கி நிற்பதில் பொருள் உண்டா என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல முயல்கிறேன்.

இந்த நிறுவனங்கள் உங்கள் மரபணுத் தொகுதி முழுவதையும் படிப்பதில்லை; மனிதருக்கு மனிதர் மாறுபடும் ஆறேழு லட்சம் இடங்களை மட்டுமே பார்க்கின்றன. தரவிறக்கம் செய்தால் கிடைப்பது சாதாரண எழுத்துக் கோப்புதான்: ஒவ்வொரு வரியிலும் ஓர் அடையாள எண், குரோமோசோம், இருக்கும் இடம், அதன்பின் அந்த இடத்தில் உங்கள் டிஎன்ஏ எப்படி இருக்கிறது என்பதைக் குறிக்கும் இரண்டு எழுத்துகள். அந்த இரண்டில் ஒன்று தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் வந்தவை. உங்கள் அம்மாவுக்கு ஓரிடத்தில் இரண்டு எழுத்துகளும் ஒன்றாகவே இருந்தால், அதே இடத்தில் உங்களுக்கு ஓர் எழுத்து என்ன என்பது உங்களைச் சோதிக்காமலேயே உறுதியாகிவிடும். எடுத்துக்காட்டாக, அல்சைமர் நோய்க்கான வாய்ப்பைக் கூட்டும் ஏபிஓஇ மரபணுவின் இ4 வடிவம் அம்மாவிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் அவர் பெற்ற பிள்ளைகள் அத்தனை பேருக்கும் குறைந்தது ஒரு பிரதி இருந்தே தீரும். உங்கள் அப்பாவின் பங்கு தெரியாதவரை எஞ்சிய பாதி ஊகம்தான் என்றாலும், அக்காவின் தரவும் கையில் இருப்பதால் அப்பாவின் பங்கிலும் பாதி வெளிப்பட்டிருக்கிறது. ஆக, நீங்கள் ஒதுங்கி நிற்பது வீண் அல்ல, முழுப் பாதுகாப்பும் அல்ல. அப்பாவின் எழுத்துகளில் எது உங்களிடம் வந்தது, எது வரவில்லை என்பது நீங்கள் துப்பினால்தான் தெரியும்.

பெயரையோ ஒரு பகுதியையோ எடுத்துவிட்டால் தரவு பாதுகாப்பாகிவிடும் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவத்தைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன் 2007இல் தன் மரபணுத் தொகுதியை வெளியிட்டபோது ஏபிஓஇ பகுதியை மட்டும் மறைத்துவிடும்படி கேட்டுக்கொண்டார். அக்கம்பக்கத்து எழுத்துகள் கூட்டமாகவே கடத்தப்படுவதால், மறைத்த பகுதியை அவற்றைக் கொண்டே ஊகிக்க முடியும் என்று ஆய்வாளர்கள் சிறிது காலத்திலேயே சுட்டிக்காட்டினார்கள். 2018இல் சயன்ஸ் இதழில் வெளிவந்த ஆய்வு, ஐரோப்பிய வம்சாவளி அமெரிக்கர்களில் ஏறத்தாழ 60 விழுக்காட்டினருக்கு, 13 லட்சம் பேர் கொண்ட ஒரு தரவுத்தளத்திலேயே, எள்ளுத்தாத்தாவைப் பொதுவாகக் கொண்ட உறவினரோ அதைவிட நெருங்கியவரோ கிடைத்துவிடுவார், அவர் வழியாக ஆளை அடையாளம் காண முடியலாம் என்று கணக்கிட்டது.

நம்மவர்களுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. அத்தை மகன், மாமன் மகள், அக்கா மகள் என்று தலைமுறை தலைமுறையாக உறவுக்குள்ளேயே மணம் முடித்த குடும்பங்களில், பகிரும் டிஎன்ஏ கூடுதலாக இருப்பதால், தளம் காட்டும் உறவு உண்மையில் இருப்பதைவிட நெருக்கமாகத் தெரியும். தனி ஒருவரைக் கண்டுபிடிப்பது இதனால் சற்றுச் சிக்கலாகலாம். எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவர் என்று கண்டுபிடிப்பது எளிதாகிவிடும். ஆந்திர, தெலங்கானா வைசியர்களிடையே மயக்க மருந்தோடு கொடுக்கும் சில தசைத் தளர்த்தி மருந்துகள் உடலில் எளிதில் சிதையாமல் போகும் ஒரு நொதிக் குறைபாடு கூடுதலாகக் காணப்படுகிறது. அறுவை சிகிச்சைக்கு முன் மருத்துவர் அதைக் கேட்டறிந்தால் உயிரைக் காக்கும். அதே தகவல் காப்பீட்டு நிறுவனத்தின் மேசைக்குப் போனால் என்னவாகும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

ஈப்போ முத்தையா:

எதிர்த் தரப்பையும் யாராவது சொல்ல வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். என் தாத்தா ரப்பர் தோட்ட வேலைக்காக மலாயாவுக்கு வந்தவர். ஊர்ப் பெயர் எந்தத் தாளிலும் ஒழுங்காக எழுதப்படவில்லை. கடிதத் தொடர்பு போருக்குப் பிறகு அற்றுப்போனது. அவருடைய தம்பியின் வழி வந்த ஒரு குடும்பம் இன்று கனடாவில் இருக்கிறது என்பதை எனக்குக் காட்டியது இத்தகைய பரிசோதனைதான். தத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகள், பிரிந்துபோன குடும்பங்கள் ஆகியோருக்கு இதைவிட்டால் வேறு வழி கிடையாது. மதுரையில் மூன்று தலைமுறை உறவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் குடும்பத்துக்கு இது எதற்கு என்று கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானதே. தேவை இருப்பவர் அபாயத்தை அறிந்து எடுத்துக்கொள்ளட்டும். குடும்ப வரைபடத்தில் ஒரு கட்டம் காலியாக இருப்பது தேவையில் சேராது.

காவல்துறை பயன்படுத்துவதையும் முழுக்கக் குற்றமாகப் பார்க்க என்னால் முடியவில்லை. கலிபோர்னியாவில் 1970களிலும் 80களிலும் கொலைகளும் பாலியல் வன்கொடுமைகளும் செய்த ஜோசப் டிஏஞ்சலோ 2018 ஏப்ரலில் பிடிபட்டது, வேறு நிறுவனங்களில் பெற்ற மரபணுக் கோப்புகளை ஏற்றி உறவினரைத் தேடும் ஜெட்மேட்ச் உள்ளிட்ட தளங்களில் யாரோ தூரத்து உறவினர்கள் தாமாகத் தந்த தரவால்தான்.

டல்லஸ் வழக்குரைஞர்:

முத்தையா ஐயா சொன்ன வழக்கிலிருந்தே தொடங்குகிறேன். அந்த உறவினர்கள் குற்றவாளியைப் பிடிக்க ஒப்புதல் தரவில்லை; பூர்வீகம் தேடத்தான் ஏற்றினார்கள். சர்ச்சைக்குப் பிறகு ஜெட்மேட்ச் 2019 மே மாதம் விதியை மாற்றி, காவல்துறைத் தேடலுக்குத் தாமாக ஒப்புக்கொண்டவர்களை மட்டுமே காட்டுவோம் என்றது. அதே ஆண்டு புளோரிடா நீதிபதி ஒருவர், ஒப்புக்கொள்ளாதவர்கள் உட்பட முழுத் தரவுத்தளத்தையும் தேட ஆணை வழங்கினார். ஒரு தளத்தின் வாக்குறுதி நீதிமன்ற ஆணைக்கு முன் நிற்காது என்பது அப்போது தெளிவாயிற்று.

வாணி அவர்களுக்கு அமெரிக்கச் சட்டத்தில் தெரிந்திருக்க வேண்டியவை வேறு. மருத்துவமனையில் எடுக்கும் பரிசோதனைக்குப் பாதுகாப்பளிக்கும் ஹிப்பா சட்டம், நுகர்வோருக்கு நேரடியாக விற்கும் இந்த நிறுவனங்களைப் பொதுவாகக் கட்டுப்படுத்தாது. மரபணு அடிப்படையிலான பாகுபாட்டைத் தடுக்கும் 2008ஆம் ஆண்டின் ஜினா சட்டம் மருத்துவக் காப்பீட்டையும் வேலைவாய்ப்பையும் மட்டுமே தொடுகிறது. அதிலும் 15 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் இடங்கள் விடுபடுகின்றன. ஆயுள் காப்பீடு, ஊனக் காப்பீடு, முதுமைக்கால நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீடு ஆகிய மூன்றும் அதன் வரம்புக்கு வெளியே உள்ளன. புளோரிடா 2020இல் அந்த ஓட்டையை அடைத்தது. பல மாநிலங்களில் அது திறந்தே கிடக்கிறது. உங்கள் மகனுக்கு ஒன்பது வயது. அவன் ஆயுள் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும் காலத்தில் சட்டம் எப்படி இருக்கும் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. அவன் சார்பில் இப்போதே துப்பிக் கொடுத்துவிட்டால், பதினெட்டு வயதில் அவன் தானே எடுக்க வேண்டிய முடிவை நீங்கள் எடுத்துவிட்டதாகும். பெற்றோருக்குச் சட்டப்படி அந்த உரிமை உண்டு. அதனாலேயே தயங்குங்கள் என்கிறேன்.

திவால் விஷயம் இதுதான். நிறுவனம் 2025 மார்ச்சில் மிசூரி நீதிமன்றத்தில் திவால் பாதுகாப்புக் கோரியது. கலிபோர்னியா அரசுத் தலைமை வழக்குரைஞர் அதற்கு இரண்டு நாள் முன்னரே, வாடிக்கையாளர்கள் தரவை நீக்கவும் மாதிரியை அழிக்கச் சொல்லவும் உரிமை உண்டு என்று அறிவிப்பு வெளியிட்டார். ஒன்றரைக் கோடி பேரின் தரவு ஏலத்துக்கு வந்தது. ரீஜெனரான் மருந்து நிறுவனம் முதலில் 25.6 கோடி டாலருக்குக் கேட்டது. இறுதியில் நிறுவனர்களில் ஒருவரான ஆன் வோஜ்சிக்கி தலைமையிலான இலாப நோக்கற்ற அமைப்பு 30.5 கோடி டாலருக்கு எடுத்தது. பழைய தனியுரிமை விதிகளைக் காப்போம் என்று புதிய உரிமையாளர் உறுதி கூறியிருக்கிறார். நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். நான் கவனிக்கச் சொல்வது வேறொன்று: விற்பனையோ திவாலோ நேர்ந்தால் தரவும் கைமாறலாம் என்ற வரி திவாலுக்கு முன்பே அவர்களுடைய விதிகளில் இருந்தது. அக்கா ஒப்புக்கொண்ட பட்டியலில் அதுவும் அடக்கம்.

நியூஜெர்சி வாணி:

எல்லோருக்கும் நன்றி. நானும் மகனும் கொடுப்பதில்லை என்று முடிவாயிற்று. அக்காவிடம் பேசினேன், முதலில் கோபப்பட்டாள், பிறகு அம்மாவின் தரவையாவது நீக்கலாம் என்று ஒப்புக்கொண்டாள். பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னாள்: உறவினர் கூடுதலாகக் கிடைப்பார்கள் என்று இரண்டு கோப்புகளையும் தரவிறக்கி ஜெட்மேட்சிலும் ஏற்றியிருக்கிறாளாம். இங்கே நீக்கினால் அங்கேயும் போய்விடுமா?

செர்வர் சிதம்பரம்:

போகாது. இரண்டும் தொடர்பில்லாத தளங்கள். ஜெட்மேட்ச் 2023இல் கியாஜென் என்ற வேறொரு நிறுவனக் குழுமத்தின் கைக்குப் போனது. அங்கே தனியாக நுழைந்து, ஒவ்வொரு கோப்பின் எண்ணையும் தேடி நீக்க வேண்டும். அக்கா தன்னுடையதை வைத்துக்கொள்ள விரும்பினால், குறைந்தபட்சம் அதைப் பிறர் ஒப்பிட முடியாத தனிப்பட்ட நிலைக்கு மாற்றச் சொல்லுங்கள்.

23அண்ட்மீயில் முதலில் ஆய்வுக்கான ஒப்புதலைத் திரும்பப் பெற்று, சேமித்து வைத்த உமிழ்நீரை அழிக்கச் சொல்லி, அதன் பிறகே தரவு நீக்கத்துக்குப் போகலாம். நீக்கக் கோரிக்கை கொடுத்ததும் ஒரு மின்னஞ்சல் வரும். அதிலுள்ள இணைப்பை அழுத்தி உறுதி செய்யாவிட்டால் எதுவும் நடக்காது. பலர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். ஒரே கணக்கில் இருவர் இருப்பதால், அம்மாவின் பெயரிலுள்ளது நீங்கியதா என்று தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முழுமையாக அழியுமா என்றால், இல்லை. ஆய்வகங்களுக்கான சட்டக் கடமையைக் காட்டி, மரபணுத் தகவல், பிறந்த தேதி, பாலினம் ஆகியவற்றைக் குறிப்பிட்ட காலம் வைத்திருப்போம் என்று அவர்களுடைய விதியே சொல்கிறது. ஏற்கெனவே முடிந்துபோன ஆய்வுகளில் கலந்த தரவையும் திரும்பப் பெற முடியாது. ஆனால் உறவினர் பட்டியலில் அம்மாவின் பெயர் இருக்காது, புதிய ஆய்வுகளுக்குப் போகாது, நாளை வேறொருவர் அக்காவின் கடவுச்சொல்லைத் திருடினாலும் அம்மாவுடைய முடிவுகள் திரையில் விரியாது. அதற்கு முன்னால், எதற்காக இதைச் செய்கிறீர்கள் என்று அம்மாவிடம் தொலைபேசியில் ஒரு முறை விளக்கிச் சொல்லிவிடுங்கள். வைத்துக்கொள்ளலாம் என்று அவர் சொன்னால் அதுவும் அவருடைய முடிவுதான்.