மெஸ்ஸர்ஷ்மிட் 109 டி-2: நீட்டிய இறக்கை ஒட்டிய இடத்தில் விரிகிறது

வணக்கம் நண்பர்களே. இரண்டாம் உலகப் போர் ஜெர்மன் போர் விமானமான மெஸ்ஸர்ஷ்மிட் 109-இன் 1/48 அளவு ஈ-4 (E-4) மாடல் கிட் ஒன்றை டி-2 (T-2) ஆக மாற்றிக்கொண்டிருக்கிறேன். மூன்று மாதமாக இறக்கையிலேயே நிற்கிறேன்.

கிராஃப் ஜெப்பலின் விமானந்தாங்கிக் கப்பலுக்காக ஃபீஸலர் நிறுவனம் ஈ வகையை மாற்றியதுதான் டி (T) வகை. கப்பல் முடியவில்லை. அதனால் கப்பலில் இறங்க உதவும் கொக்கியும், விமானத்தை உந்தி ஏவும் கேட்டபுல்ட்டுக்கான பொருத்திகளும் இல்லாமல் டி-2 ஆக நார்வேயின் குட்டை ஓடுதளங்களுக்குப் போனது. ஆனால் நீண்ட இறக்கை அப்படியே இருந்தது. அது சரியாக வராவிட்டால் இது வெறும் ஈ-4தான், அதற்கு எனக்கு மனம் வரவில்லை.

ஈ வகையின் 9.87 மீட்டர் இறக்கை அகலம் டி-யில் 11.08 ஆனது. என் அளவில் ஒரு பக்கத்துக்குச் சுமார் 12.6 மி.மீ. முதலில் நுனியில் ஒட்டிப் பார்த்தேன். இறக்கை ஒடுங்கும் கோடு கெட்டது, எய்லரானும் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை) ஸ்லாட்டும் (முன்விளிம்பில் திறக்கும் பட்டை) குட்டையாகவே நின்றன. அசலில் இரண்டுமே நீண்டவை. அப்புறம் எய்லரான் நடுவே வெட்டி, 1 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகடுகளை அடுக்கி, திரவ சிமென்ட் போட்டு இரண்டு நாள் காயவிட்டேன். உப்புத்தாள் தேய்த்ததும் மேல்பக்கம் மயிரிழை விரிசல். சூப்பர் க்ளூ ஊற்றி மறுபடி தேய்த்தேன், அதே இடத்தில் விரிந்தது. இடது நுனி 2 மி.மீ. தொங்கவும் செய்கிறது. வலதில் இன்னும் கை வைக்கவில்லை.

உள்ளே பித்தளைக் கம்பி கொடுத்து இந்த ஒட்டை இறுக்கலாமா, அல்லது வெட்டும் இடத்தையே மாற்ற வேண்டுமா?