பாய்லர் பத்த மாட்டேங்குது, உள்ள களகளன்னு சத்தம். நானே பாக்கலாமா, இன்ஜினியரைத்தான் கூப்பிடணுமா? (ரெடிங், யுகே)

ரெடிங்வாசி:
எல்லாருக்கும் வணக்கம், அவசரமா ஒரு உதவி வேணும். ரெடிங்ல வாடகை வீட்ல இருக்கோம், கிச்சன் கப்போர்டுக்குள்ள காம்பி பாய்லர் (ரேடியேட்டருக்கும் குழாய் வெந்நீருக்கும் ஒரே பாய்லர்). ராத்திரி மைனஸ் 6 வரைக்கும் போச்சு, காலைல எழுந்து பாத்தா ரேடியேட்டர் ஒண்ணுகூட சூடாகல, குழாய்ல வெந்நீரும் வரல. டிஸ்ப்ளேல எரர் கோட் பிளிங்க் ஆகுது, மேனுவல்ல தேடிப் பாத்தா தீ பத்தலைன்னு அர்த்தமாம். ரீசெட் அமுக்குனா ஃபேன் ஓடுது, டிக் டிக்னு பத்த வைக்கிற சத்தம் கேக்குது, உடனே நின்னுடுது, நிக்கறப்போ உள்ள யாரோ ஸ்ட்ரா போட்டு கிளாஸ் அடில இருக்குற ஜூஸை உறிஞ்சுற மாதிரி களகளன்னு சத்தம். பிரஷர் முள் 1.3ல நிக்குது, கேஸ் அடுப்பு நல்லாதான் எரியுது. வீட்ல கைக்குழந்தை இருக்கு, ஓனர் திங்கக்கிழமைதான் ஆள் அனுப்ப முடியும்கிறார். ஆபீஸ் நண்பர் ஒருத்தர் முன் கவரைக் கழட்டி, தீப்பொறி தர்ற எலக்ட்ரோடைத் துடைச்சா சரியாயிடும், யூடியூப்ல வீடியோ இருக்குங்கிறார். பண்ணலாமா?

ஹரோ_காஸ்வேலை:
தம்பி, முதல்ல அந்தக் கவரில கை வைக்காதேங்கோ. அது தூசிக்குப் போட்ட மூடி இல்ல. கன மொடல்களில அந்தக் கவரும் அதின்ர ரப்பர் சீலும் சேர்ந்துதான் எரிஞ்ச புகையை வீட்டுக்குள்ள விடாமப் பிடிச்சு வைச்சிருக்கு, திருப்பிப் பூட்டேக்க சீல் கொஞ்சம் விலகினாலும் புகை பிள்ளை படுக்கிற அறைக்கு வரும். காஸ் சேவ் (காஸ் வேலை செய்யிற எஞ்சினியர்மாரின்ர அதிகாரபூர்வப் பதிவேடு) பதிவு உள்ள ஆள்தான் அதைத் திறக்கலாம்.

நீங்கள் எழுதினதுக்குள்ளயே பாதிப் பதில் கிடக்கு. அடுப்பு எரியுதெண்டா காஸ் வருது. முள்ளு 1.3 எண்டா தண்ணி போதும். ராத்திரி உறைபனி, களகள சத்தம், பத்தப் போய் நிக்கிறது, இது மூண்டும் சேர்ந்து வந்தா அனேகமா கொண்டென்சேற் பைப் உறைஞ்சிருக்கும். 2005 இல இங்கிலாந்தில சட்டம் மாத்தினதில இருந்து புதுசாப் பூட்டுற காஸ் பொயிலர் பொதுவா கொண்டென்சிங் வகைதான், புகையில இருக்கிற நீராவியைக் குளிர்விச்சு அந்தச் சூட்டையும் எடுக்கும், அதில வாற தண்ணி ஒரு பிளாஸ்ரிக் பைப்பால, அதுதான் கொண்டென்சேற் பைப், வெளிய இருக்கிற கழிவுநீர்க் கானுக்குப் போகும். அந்தப் பைப்பை 21.5 மில்லிமீற்றர் ஒடுங்கின சைசில வெளிச்சுவரால நீட்டி விட்டிருப்பினம், தண்ணி சொட்டுச் சொட்டா வந்து சுவரிலயே உறைஞ்சு அடைக்கும், பிறகு பின்னுக்கு ஏறி பொயிலருக்குள்ள நிக்கும். உங்களுக்குக் கேக்கிற சத்தம் அதுதான். கொம்பனியைப் பொறுத்து, வெய்லண்டில எஃப் 28, வூஸ்ரரில ஈ.ஏ, பக்ஸியில ஈ 133 எண்டு காட்டும், கோட் வேற வேற, சொல்லுற விசயம் தீ பத்தேல்ல எண்டதுதான்.

இப்ப பொயிலரை நிப்பாட்டிப்போட்டு வெளிய போய்ப் பாருங்கோ, பொயிலர் இருக்கிற சுவரால வெள்ளையோ சாம்பலோ கறுப்போ ஒரு பிளாஸ்ரிக் பைப் வந்து கானுக்கு இறங்கும். வளையிற இடமும் கடைசி நுனியும்தான் முதல்ல உறையும். கை பொறுக்கிற சூட்டில தண்ணியை மேல இருந்து ஊத்துங்கோ, இல்லாட்டி சுடுதண்ணிப் போத்தலைத் துணியால சுத்திப் பிடியுங்கோ. கொதிதண்ணி ஊத்தினா பைப் வெடிக்கும். கீழ சிந்தின தண்ணியும் உடன ஐஸ் ஆகும், வழுக்கும், உப்புப் போட்டு விடுங்கோ. பைப் உயரத்தில எண்டா ஏணி வைச்சு ஏறவேண்டாம். தண்ணி ஓடத் தொடங்கினாப் பிறகு ஒருக்கா ரீசெற் அமத்துங்கோ. ரெண்டு மூண்டு தரத்துக்கு மேல அமத்தாதேங்கோ, அப்பவும் பத்தேல்ல எண்டா வேற பிழை, ஆளைக் கூப்பிடத்தான் வேணும்.

வெம்பிளி_88:
அண்ணா சொல்றது சரிதான், ஆனா நான் ரெண்டு வருஷமா நானே கவரைக் கழட்டி கிளீன் பண்றேன், ஒண்ணும் ஆகல. இன்ஜினியர் வந்தாலே நூறு பவுண்டுக்கு மேல போகுது, சும்மா பயமுறுத்த வேண்டாம்.

ஹரோ_காஸ்வேலை:
ஒண்டும் ஆகேல்ல எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும் தம்பி? நான் கவரைத் திரும்பப் பூட்டினா மெசின் வைச்சு புகையை அளந்துதான் விட்டுட்டு வருவன், உங்களிட்ட அந்த மெசின் இல்ல. பிரஷர் ஏத்துறது, றேடியேற்றர் காத்து எடுக்கிறது, தேர்மோஸ்ராற்றுக்கு பற்றரி மாத்துறது, பிறீபே மீற்றர் எண்டா காசு முடிஞ்சிட்டுதோ எண்டு பாக்கிறது, இதெல்லாம் தாராளமா நீங்களே செய்யுங்கோ, நானே சொல்லித் தருவன். கவருக்கு உள்ளுக்க வேண்டாம். உங்கட வீட்டில காபன் மொனொக்சைட் அலாம் இல்லையெண்டா இண்டைக்கே ஒண்டு வாங்கிப் பூட்டுங்கோ.

ரெடிங்வாசி:
அண்ணா வந்துடுச்சு!! பக்கத்து சந்துல நீங்க சொன்ன மாதிரியே வெள்ளை பைப், முழங்கை மாதிரி வளையுற இடத்துல தொட்டா விரல் ஒட்டிக்குது அவ்வளவு குளிர். ரெண்டு ஜக் வெதுவெதுன்னு ஊத்துனேன், விரல் நீளத்துக்கு ஒரு ஐஸ் குச்சி கானுக்குள்ள விழுந்துச்சு, பின்னாடியே தண்ணி பொளபொளன்னு கொட்டுச்சு. ரீசெட் போட்டேன், பத்திக்கிச்சு. ரொம்ப ரொம்ப நன்றி அண்ணா. நாளைக்கு ராத்திரியும் மைனஸ்தான் போடுறாங்க, திரும்ப உறையுமா?

ஹரோ_காஸ்வேலை:
சந்தோசம் தம்பி. ஓம், உறையலாம். ரெண்டு மூண்டு நாளைக்கு ஹீற்றிங்கை ராத்திரியும் நிப்பாட்டாம குறைச்சு விடுங்கோ, பைப்பில சூட்டுத் தண்ணி ஓடிக்கொண்டிருக்கும். பைப் குளிராம இருக்கச் சுத்துற, வெளியில பாவிக்கிற லாகிங் ஃபோம் கடையில கிடைக்கும், அதைச் சுத்திவிடலாம். நிரந்தரமாச் செய்யிறதெண்டா பைப்பை 32 மில்லிமீற்றராக்கி, சரிவாக்கி, முடிஞ்சா வீட்டுக்குள்ளாலயே கொண்டுபோகவேணும், அது ஓனரின்ர செலவு.

குரொய்டன்_வாடகை:
ஓனர் பத்தி நான் சொல்றேன். இங்கிலாந்துல ஹீட்டிங்கையும் வெந்நீரையும் ரிப்பேர் பண்ணித் தர்றது ஓனர் பொறுப்பு, 1985 வீட்டு உரிமையாளர் குடியிருப்போர் சட்டம் 11ஆம் பிரிவு. போன்ல பேசிட்டு விட்றாதீங்க, கைக்குழந்தை இருக்குன்னு குறிப்பிட்டு ஈமெயில் போடுங்க. வருஷா வருஷம் கேஸ் சேஃப்டி செக் பண்ணி 28 நாளுக்குள்ள உங்களுக்கு காப்பி தரணும், அது கைல இல்லைன்னா அதையும் கேளுங்க. அதோட 2022 அக்டோபர் 1லேர்ந்து பாய்லர் இருக்கற ரூம்ல கார்பன் மோனாக்சைடு அலாரம் வைக்கிறதும் அவர் வேலை. கோபத்துல வாடகையை மட்டும் நிறுத்திடாதீங்க, அது உங்க தலைக்கே திரும்பும்.

ஈஸ்ட்ஹாம்_அக்கா:
இந்த இழையிலயே கேட்டுக்கறேன் அண்ணா. எங்க வீட்ல பிரஷர் வாரா வாரம் குறையுது, கீழ இருக்குற வெள்ளி நிற ஹோஸ் பைப்பைத் திறந்து 1.5க்கு ஏத்துறேன், ஹீட்டிங் போட்டா முள் கிட்டத்தட்ட 3க்குப் போகுது, ஆறுனதும் பூஜ்யம். ரேடியேட்டர் எங்கயும் ஒழுகல.

ஹரோ_காஸ்வேலை:
அக்கா, வெளிய சுவரால ஒரு சின்னச் செப்புப் பைப் வெட்டின மாதிரி நிக்கும், ஹீற்றிங் ஓடேக்க அது ஈரமா இருக்கோ பாருங்கோ, அந்தத் தண்ணி கொதிக்கும், கை வைக்காதேங்கோ. தண்ணி சூடாகினா விரியும், அந்த இடத்தைக் குடுக்கிறதுக்கு எக்ஸ்பான்சன் வெசல் எண்டு காத்து அடைச்ச ஒரு சாமான் இருக்கு. அதில காத்துப் போனா பிரஷர் 3க்கு ஏறும், சேஃப்ரி வால்வ் திறந்து வெளிய துப்பும், ஆறினாப் பிறகு தண்ணி குறைஞ்சு பூச்சியத்துக்கு வரும். வருசத்தில ஒருக்கா ரெண்டு தரம் ஏத்துறது வழமைதான், வாராவாரம் எண்டா நோய். புதுத்தண்ணி போகப் போக றேடியேற்றர் உள்ளால கறள் பிடிச்சு சேறு கட்டும். எஞ்சினியரைக் கூப்பிடுங்கோ, அவசரம் இல்ல, ஆனா இழுக்காதேங்கோ.

நியூமோல்டன்_பிள்ளை:
அண்ணை, எங்கட பொயிலர் வேலை செய்யுது, ஆனா பின்னேரம் ஹீற்றிங் போட்டா எனக்கும் அம்மாக்கும் தலையிடி, சத்தி வாற மாதிரி, வேலைக்குப் போனா எனக்குச் சுகமாயிடும். மணம் ஒண்டும் இல்ல. கவரின்ர மேல்பக்கம் மண்ணிறமா கறை பிடிச்சிருக்கு. சேர்விஸ் செய்து கனகாலம். இது பொயிலரோட சம்பந்தமோ, இல்ல குளிருக்கோ?

ஹரோ_காஸ்வேலை:
பிள்ளை, வாசிச்ச உடன பொயிலரை நிப்பாட்டு, யன்னல் கதவு எல்லாம் திற, அம்மாவைக் கூட்டிக்கொண்டு வெளிய போ. வெளிய நிண்டு காஸ் அவசர சேவைக்கு, 0800 111 999 க்கு எடு, 24 மணித்தியாலமும் இருப்பினம், காசு இல்ல. காபன் மொனொக்சைட்டுக்கு மணம் இல்ல, நிறம் இல்ல. காஸுக்கு வாற மணம் தெரியிறதுக்காகக் கலக்கிறது, புகையில அது இல்ல, அதால மணக்கேல்ல எண்டு இருக்காதே. வீட்டில தலையிடி, வெளிய போனா சுகம், கவரில கறை, இதை வைச்சுக்கொண்டு இண்டைக்கு ராத்திரி அங்க படுக்கேலாது. ஆஸ்பத்திரியில காட்டேக்க காபன் மொனொக்சைட் எண்டு சந்தேகம் எண்டு சொல்லு, இரத்தத்தில பாப்பினம், சொல்லாட்டி காய்ச்சல் குணம் எண்டு அனுப்பிவிடுவினம்.

நியூமோல்டன்_பிள்ளை:
அண்ணை, வந்து பாத்தவை. பொயிலரை நிப்பாட்டி, காஸையும் பூட்டி, பாவிக்கக்கூடாது எண்டு சிவப்பு லேபல் ஒட்டிப்போட்டுப் போயிட்டினம். திருத்தேல்லயே? நாங்கள் இப்ப சித்தி வீட்டில. அம்மாக்கு இரத்தம் எடுத்தவை.

ஹரோ_காஸ்வேலை:
நல்ல காலம் பிள்ளை. அவை ஆபத்தை நிப்பாட்ட மட்டும்தான் வாறவை, திருத்தமாட்டினம், அதுக்கு வேற எஞ்சினியர் வேணும். வாற ஆளிட்ட காஸ் சேவ் அடையாள அட்டையைக் கேள், முன்பக்கம் படமும் இலக்கமும் திகதியும் இருக்கும், பின்பக்கத்தைக் கட்டாயம் திருப்பிப் பார், அவர் பொயிலர் வேலைக்குத் தகுதியோ எண்டு அங்கதான் போட்டிருக்கும், அடுப்புக்கு மட்டும் பதிஞ்ச ஆக்களும் இருக்கினம். திருத்தி, புகையை அளந்து, எழுத்தில தந்தாப் பிறகுதான் பாவிக்கலாம். சித்தி வீட்டில அலாம் இருக்கோ எண்டும் கேள்.